டெல்டா மாடியில் லாவெண்டர்: வளருமா, வாயில் வைக்கலாமா?

மன்னார்குடியிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார்: "நர்சரியில் லாவெண்டர் வாங்கி மாடியில் வைத்தேன். ஆவணி வரைக்கும் நன்றாகத்தான் இருந்தது. ஐப்பசி மழைக்குப் பிறகு அடித்தண்டு கறுத்துவிட்டது, இலையெல்லாம் தொங்குகிறது. நுனியில் மட்டும் கொஞ்சம் பச்சை இருக்கிறது. நம் ஊரில் இது வளருமா? பூத்தால் டீயிலும் பாயசத்திலும் போடலாமா?"

வளரும். ஆனால் இங்கே சுமாராக வளர்கிற லாவெண்டர் வாய்க்கு ருசிக்காது. ருசிக்கிற லாவெண்டர் இங்கே சரியாகப் பூக்காது.

சமையலுக்கு ஏற்றது இங்கிலீஷ் லாவெண்டர் என்கிற லாவண்டுலா அங்குஸ்டிஃபோலியா. பெயர்தான் இங்கிலீஷ், பூர்வீகம் மத்தியதரைக் கடல் பக்கத்து மலைச்சரிவு. கல்லும் சுண்ணாம்பும் கலந்த மண், மழையில்லாத கோடை, நல்ல குளிர்காலம் என்று வாழ்ந்து பழகிய செடி. குளிர் சில வாரம் பட்டால்தான் அடுத்த பருவத்தில் ஒழுங்காக மொட்டு வைக்கும். ஜம்முவில் தோடா மாவட்டத்துப் பதேர்வாவில் ஏக்கர் கணக்கில் இதைப் பயிரிட்டு, 'ஊதாப் புரட்சி' என்றே சொல்கிறார்கள். அங்கே பனி பெய்கிறது. நம் மார்கழிப் பனியைக் குளிர் என்றே அந்தச் செடி எடுத்துக்கொள்ளாது.

வெப்பத்தை ஓரளவு தாங்குபவை வேறு இனங்கள். வாங்கும்போது இலையைப் பாருங்கள். ஒடுக்கமாக, ஓரம் வெட்டில்லாமல், சாம்பல் பச்சையாக இருந்தால் பெரும்பாலும் இங்கிலீஷ். ஓரத்தில் பல் பல்லாக இருந்தால் டென்டாட்டா. கேரட் தழை போலப் பிளந்திருந்தால் மல்டிஃபிடா அல்லது பின்னாட்டா. பூங்கதிரின் உச்சியில் முயல் காது மாதிரி இரண்டு மூன்று இதழ் நீட்டிக்கொண்டிருந்தால் ஸ்டோய்காஸ். மாடியில் அழகுக்கும் வாசனைக்கும் டென்டாட்டாவோ மல்டிஃபிடாவோ வையுங்கள். சமையலுக்கு மட்டும் வேண்டாம். ஸ்டோய்காஸில் கற்பூர நெடி தூக்கலாக இருக்கும். பாயசத்தில் போட்டால் தைலம் தடவிய வாசனைதான் வரும். சர்க்கரைப் பொங்கலில் பச்சைக் கற்பூரத்தைக் கடுகளவு போடுகிறவர்களுக்கு இது புரியும்.

சரி, உங்கள் செடிக்கு வருவோம். அடித்தண்டு கறுத்தால் வேர் அழுகிவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம். மழை ஒரு காரணம். பெரிய காரணம் தொட்டி மண். நம் வயல் வண்டல் நெல்லுக்கு வரம், இதற்கு எமன். தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும் தென்னை நார்க்கழிவும் அப்படித்தான். நர்சரிச் செடிகள் பெரும்பாலும் அதில்தான் வரும், ஆகவே வாங்கி வந்ததும் மாற்றி நடுங்கள். செம்மண் ஒரு பங்கு, கழுவிய ஆற்று மணல் ஒரு பங்கு, உடைத்த செங்கல் சில்லு ஒரு பங்கு. தொழு உரம் ஒரு கைப்பிடி போதும். முட்டை ஓட்டுத்தூள் ஒரு ஸ்பூன் சேர்க்கலாம், இதற்குச் சுண்ணாம்பு பிடிக்கும். பிளாஸ்டிக் தொட்டியை விட மண் தொட்டி நல்லது, ஈரம் சீக்கிரம் உலரும். அடியில் தட்டு வைக்காதீர்கள், செங்கல் மேல் தூக்கி வையுங்கள்.

தண்ணீர் ஊற்றுமுன் விரலை இரண்டு கணு ஆழம் விட்டுப் பாருங்கள். விரலில் மண் ஒட்டினால் அன்றைக்கு வேண்டாம். ரோஜாவுக்கு ஊற்றுகிற அரிசி கழுவிய தண்ணீர், டீத்தூள் சக்கை எல்லாம் இதற்கு வேண்டவே வேண்டாம். போஷாக்கு கூடினால் தழை கொழுக்கும், மணம் குறையும்.

நடுவதற்கு நல்ல மாதம் தை. இரவு கொஞ்சம் குளிரும், மழை ஓய்ந்திருக்கும், வேர் பிடிக்க அவகாசம் கிடைக்கும். காலை வெயில் ஐந்தாறு மணி நேரம் வேண்டும். சித்திரை, வைகாசியில் மதியத்துக்கு மேல் நிழல் கொடுங்கள். ஐப்பசி பிறந்ததும் மழைச்சாரல் படாத சன்ஷேடுக்கு அடியில் காற்றோட்டமாக வையுங்கள். பூத்து முடிந்த தண்டைப் பச்சைப் பகுதியோடு வெட்டலாம். கட்டையான பழந்தண்டில் கத்தரி வைத்தால் மறுபடி துளிர்க்காது. இத்தனைக்குப் பிறகும் அடுத்த மழைக்காலத்தைத் தாண்டாமல் போகலாம். தையில் நட்டு ஐப்பசி வரை வைத்துக்கொள்கிற செடி என்று நினைத்துக்கொண்டால் மனசு கஷ்டப்படாது.

சமையலுக்கு? உலர்ந்த இங்கிலீஷ் லாவெண்டர் மொட்டைக் காசு கொடுத்து வாங்குவதுதான் என் யோசனை. பாக்கெட்டில் உணவுக்கானது என்று போட்டிருக்க வேண்டும். பூக்கடைக் கொத்திலும், அழகுக்கென்று விற்கிற நர்சரிச் செடியிலும் பூச்சிமருந்து அடித்திருக்கலாம். வாசனை எண்ணெய்ப் புட்டியைச் சமையலறைக்குள்ளேயே கொண்டுவராதீர்கள். அது பல மடங்கு செறிவானது. குழந்தை கை பட்டு வாய்க்குப் போனால் ஆபத்து.

அரை லிட்டர் பாலுக்கு உலர்ந்த மொட்டு அரை டீஸ்பூன் போதும். பால் கொதித்து இறக்கிய பிறகு போட்டு, மூடி, ஐந்து நிமிடத்தில் வடிகட்டிவிடுங்கள். மொட்டோடு சேர்த்துக் கொதிக்கவிட்டாலோ, மறந்து ஊறவிட்டாலோ கசப்பு இறங்கிவிடும். அப்புறம் எவ்வளவு சர்க்கரை போட்டாலும் போகாது. அந்தப் பாலில் சேமியாப் பாயசம் நன்றாக வரும், ஆனால் ஏலக்காயைத் தொடாதீர்கள். இரண்டும் ஒன்றையொன்று அமுக்கப் பார்க்கும். எலுமிச்சை, தேன் இவற்றோடுதான் லாவெண்டர் சுகமாகச் சேரும்: ஒரு டம்ளர் வெந்நீரில் கால் டீஸ்பூன் ஊறவைத்து வடித்து, ஆறியதும் எலுமிச்சை பிழிந்து பாருங்கள். நிறம் ஊதாவாக வராது, லேசான மஞ்சள்தான். படத்தில் பார்க்கிற ஊதா வேண்டுமென்றால் வேலியில் கிடக்கிற சங்குப்பூ இரண்டைச் சேர்த்து ஊறவையுங்கள். எலுமிச்சை பட்டதும் நீலம் ஊதாவாகிவிடும்.

கடைசியாக, மீதியிருக்கிற அந்தப் பச்சை நுனி. விரல் நீளத்துக்கு நறுக்கி, தண்டின் உட்புறம் வெள்ளையாக இருக்கிறதா பாருங்கள். பழுப்பேறியிருந்தால் வீண். வெள்ளையாக இருந்தால் கீழ்ப்பாதி இலையை உருவிவிட்டு, ஈர மணலில் செருகி, வெயில் நேரே படாத இடத்தில் வையுங்கள். நாலிலிருந்து ஆறு வாரத்தில் வேர் விடும். பழைய தொட்டி மண்ணை மட்டும் அதற்குத் திரும்பப் போட்டுவிடாதீர்கள்.