ஜோனஸின் அப்பா – கடிதம்

அன்புள்ள அக்கா,

வணக்கம். லோயிஸ் லோரியின் ‘தி கிவர்’ நாவலை இருபது வருடம் கழித்து மறுபடி எடுத்தேன். உயர்நிலை இரண்டில் ஒரே ராத்திரியில் முடித்த புத்தகம். அன்றைக்கு ஜோனஸோடு சேர்ந்து நானும் சைக்கிளில் தப்பித்து ஓடினேன். இந்த முறை முடியவில்லை, பாதிக்கு மேல் மூடி வைத்துவிட்டேன். என் மகனுக்குப் பன்னிரண்டு வயது, இந்த வருடம் பிஎஸ்எல்இ, தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வு. பன்னிரண்டு வயதில் பிள்ளையின் வாழ்க்கையைப் பெரியவர்கள் முடிவு செய்யும் அந்த ஊர், நம் ஊராகவே தெரிந்தது. ஒரே மாதிரி அடுக்குமாடி புளோக்குகள், எல்லாவற்றுக்கும் ஒரு விதி. பிடித்த புத்தகத்தை மறுபடி தொட்டிருக்கக் கூடாதோ? என் மகனுக்கு இதைக் கொடுக்கலாமா? கடைசியில் ஜோனஸ் பிழைக்கிறானா, இல்லையா?

அன்புடன்,
ம., ஈசூன், சிங்கப்பூர்

அன்புள்ள ம.,

உங்கள் கடிதம் வந்த ராத்திரியே என் பிரதியை எடுத்து உட்கார்ந்துவிட்டேன். எனக்கு இது நாலாவது வாசிப்பு. எந்த இடத்தில் மூடி வைத்தீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. எந்த இடம் என்று என்னால் ஊகிக்க முடிகிறது. அங்கே வருகிறேன்.

முதலில், வாசிக்காத நண்பர்களுக்காகக் கொஞ்சம். 1993இல் வந்த நாவல். அடுத்த வருடமே நியூபெரி பதக்கம் வாங்கியது. அமெரிக்காவில் சிறுவர் இலக்கியத்துக்குத் தரும் பெரிய விருது அது. ஜோனஸின் ஊரில் பசி இல்லை, போர் இல்லை. மலையும் பனியும் நிறங்களும்கூட இல்லை. ஒரு வீட்டுக்கு ஒரு பையன், ஒரு பெண், அதுவும் விண்ணப்பித்து வாங்கிக்கொள்வது. பன்னிரண்டு வயதில் ஊர்ப் பெரியவர்கள் ஒவ்வொரு பிள்ளைக்கும் வேலை ஒதுக்குவார்கள். ஜோனஸுக்கு வருவது வேறு யாருக்கும் வராத வேலை. ஊர் தொலைத்துவிட்ட பழைய உலகத்தின் நினைவுகளையெல்லாம் ஒரே ஆள் சுமக்க வேண்டும். இப்போது சுமந்துகொண்டிருக்கும் முதியவர் பையனின் வெறும் முதுகில் கைகளை வைத்து ஒவ்வொரு நினைவாக அவனுக்குள் இறக்குகிறார். முதலில் பனியில் சறுக்கிப் போகும் வண்டி, இளவெயில். அப்புறம் முறிந்த கால், போர்க்களம்.

சரி, பன்னிரண்டு வயதுக்கு வருகிறேன். டிசம்பர் நெருங்குகிறது, ஜோனஸுக்குப் பயம் வருகிறது என்றுதான் நாவல் தொடங்குகிறது. நம் ஊரில் தேர்வு முடிவு நவம்பர் கடைசியில் வருகிறது. இங்கே தொடக்கநிலை ஆறு முடித்த எந்தப் பிள்ளைக்கும் அந்த முதல் வரி வயிற்றில் இறங்கும். விழாவில் ஊர்த்தலைவி எண் வரிசைப்படி பிள்ளைகளை மேடைக்குக் கூப்பிட்டுக்கொண்டே வந்து, பதினெட்டுக்கு அடுத்து இருபது என்கிறார். நடுவில் விட்டுப்போன பத்தொன்பதுதான் ஜோனஸ்.

1992இல் நான் பள்ளி மண்டபத்தில் உட்கார்ந்திருந்தேன். என் பெயரைக் கூப்பிட்டார்கள், தாளைக் கொடுத்தார்கள். வழக்கநிலை, விரைவுநிலைக்குக் கீழே இருந்த பிரிவு. வாசலில் நின்ற அம்மா ஒன்றும் கேட்கவில்லை. தாளை வாங்கி ஒரு தடவை பார்த்தார், நாலாக மடித்துக் கைப்பைக்குள் வைத்தார். பஸ்ஸில் வீடு வரைக்கும் அந்தப் பையின் கொக்கியையே பார்த்துக்கொண்டு வந்தேன். மூன்று வருடம் கழித்துத் தோ பாயோ நூலகத்தில் இந்த நாவல் கையில் கிடைத்தபோது, பதினெட்டுக்கு அடுத்து இருபது வரும் அந்தப் பக்கத்தைத் திரும்பத் திரும்ப வாசித்தேன். அன்றைக்கு எனக்கு இது தரம் பிரிக்கப்பட்ட ஒரு பிள்ளையின் கதை. அதனால் உங்களுக்குத் தோன்றியது தப்பு என்று நான் சொல்லவே மாட்டேன்.

ஆனால் அந்த ஒப்பீட்டோடு நிறுத்திவிடாதீர்கள். உயர்நிலைப் பள்ளிகளில் பிள்ளைகளை வகை பிரிப்பது 1981இல் வந்தது. 2021இல் பிஎஸ்எல்இயின் பழைய மதிப்பெண் முறை போனது. 2024இல் உயர்நிலை ஒன்றுக்குப் போனவர்களுக்கு விரைவுநிலை, வழக்கநிலை என்ற பெயர்களே கிடையாது. பாடத்துக்குப் பாடம் வேறு வேறு நிலையில் படிக்கலாம். போதுமா என்று கேட்டால் போதாது என்பேன். ஆனாலும் இது எப்படி மாறியது? மடித்து வைத்த தாள்களைப் பலர் மறக்காமல் இருந்தார்கள், வாய் திறந்து சொன்னார்கள். ஜோனஸின் ஊரில் அது நடக்க வழியே இல்லை, ஏனென்றால் அங்கே யாருக்கும் எதுவும் நினைவில் இல்லை.

ஒரே மாதிரி புளோக்குகள் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த புளோக்குகளின் கீழ்த்தளத்தை நினைத்துப் பாருங்கள். எங்கள் புளோக்கில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மலாய்க் கல்யாணம், கொம்பாங் மேளம் கொட்டி மாப்பிள்ளையை அழைத்து வந்தார்கள். அடுத்த வாரம் அதே இடத்தில் ஒரு சீனப் பாட்டியின் சவப்பெட்டி, ஐந்து நாள் இருந்தது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் புத்தகப்பையோடு அதைத் தாண்டித்தான் பஸ்ஸுக்குப் போனார்கள். ஜோனஸின் ஊரில் எந்தப் பிள்ளையும் ஒரு சாவைப் பார்த்ததில்லை.

மூன்று வருடத்துக்கு முன் என் மாமியாரையும் அங்கேதான் கிடத்தியிருந்தோம். மண்டாய் தகனச்சாலைக்கு வண்டி கிளம்பக் கொஞ்ச நேரம் இருந்தது. என் மகளுக்கு அப்போது ஒன்பது வயது. என் கணவரின் பெரியத்தை அவளைப் பக்கத்தில் இழுத்து, “அப்பாயி சாமிகிட்ட போயிட்டாங்கடா கண்ணு” என்றார். அவள் பெட்டியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். “செத்துட்டாங்களா?”

“ஆமா, செத்துட்டாங்க” என்றேன். பெரியத்தை என்னை முறைத்தார்.

அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. தமிழில் சாவை நேராகச் சொல்ல நாம் கூச்சப்படுவோம். காலமானார், இயற்கை எய்தினார், இறைவனடி சேர்ந்தார், தவறிட்டார். இவற்றில் எதைக் கேட்டாலும் நமக்குப் புரிந்துவிடும். பெரியத்தை ‘சாமிகிட்ட போயிட்டாங்க’ என்று சொன்ன கையோடு எழுந்து போய் வாய்க்கரிசி போட்டார். வாய் சொல்லத் தயங்கியதைக் கை செய்தது. ஜோனஸின் ஊரிலும் சாவுக்கு ஒரு மென்மையான சொல் இருக்கிறது. அதற்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று அதைச் சொல்பவர்களுக்கே தெரியாது. அந்தச் சொல்லைத் தமிழில் எப்படிச் சொல்வது என்று நான் ரொம்ப நாள் யோசித்திருக்கிறேன். ‘விடுதலை’ என்றால் நமக்கு வேறு எதுவோ ஞாபகம் வருகிறது. ‘விடுவிப்பு’ அலுவலகக் கடிதம் மாதிரி இருக்கிறது. ‘அனுப்பிவைப்பது’ என்பதுதான் கிட்ட வருகிறது, விருந்தாளியை வாசல் வரைக்கும் போய் அனுப்பிவைப்போமே, அந்தத் தொனியில். வயதானவர்களைப் பாராட்டி விழா எடுத்து அனுப்பிவைக்கிறார்கள். சரியாக வளராத குழந்தையையும் விதியை மீறியவரையும் அனுப்பிவைக்கிறார்கள். எங்கேயோ வெளியூருக்குப் போகிறார்கள் என்றுதான் எல்லாரும் நம்புகிறார்கள்.

மறுவாசிப்பு என்னை உலுக்கியது இந்தச் சொல்லில்தான். முதல் அத்தியாயத்தை எடுங்கள். பயிற்சியில் இருக்கும் ஒரு விமானி வழி தப்பி ஊருக்கு மேலே பறந்துவிடுகிறார். அவர் அனுப்பிவைக்கப்படுவார் என்று ஒலிபெருக்கி சொல்கிறது, குரலில் லேசாக ஒரு வேடிக்கை. ஜோனஸும் கொஞ்சம் சிரிக்கிறான். ஒரு தடவை விளையாட்டில் தோற்றபோது, “உன்னை அனுப்பிவெச்சாச்சு” என்று நண்பன் ஆஷரைப் பார்த்துக் கத்தியவன்தான் இவன். பதினைந்து வயதில் இதையெல்லாம் அரை நிமிடத்தில் தாண்டிப் போயிருக்கிறேன். இரண்டாம் முறை வாசித்தபோது கை நின்றுவிட்டது. கதை தொடங்கி மூச்சு விடுவதற்குள் ஒரு கொலை அறிவிக்கப்பட்டு, கதாநாயகனே அதற்குச் சிரித்தும் விட்டான்!

என்னிடம் இருப்பது பிராஸ் பசா காம்ப்ளெக்ஸில் பழைய புத்தகக் கடையில் வாங்கிய பிரதி. அட்டையில் தாடி வைத்த ஒரு முதியவர். லோரியே எடுத்த படம் அது. மேய்ன் மாநிலக் கரைக்கு அப்பால் ஒரு தீவில் வாழ்ந்த கார்ல் நெல்சன் என்ற ஓவியர், நிறங்களைப் பற்றி லோரியிடம் நிறையப் பேசியவர், பின்னால் கண்பார்வை இழந்துவிட்டார். இதைத் தெரிந்துகொண்ட பிறகு, ஜோனஸ் எறிந்து பிடிக்கும் ஆப்பிள் காற்றில் ஒரு நொடி சிவக்கும் இடத்தை என்னால் முன்பு போல வாசிக்க முடியவில்லை. எனக்கு முன்னால் இந்தப் பிரதியை வைத்திருந்த பிள்ளை கடினமான சொற்களுக்குப் பக்கத்தில் பென்சிலால் சீனத்தில் பொருள் எழுதியிருக்கிறது. முதல் அத்தியாயத்தில் அந்தச் சொல்லுக்குப் பக்கத்தில் மட்டும் பொருள் இல்லை, ஒரு கேள்விக்குறி. பத்தொன்பதாம் அத்தியாயத்துக்குப் பிறகு பென்சில் கோடே கிடையாது.

நீங்கள் மூடி வைத்ததும் அங்கேதான், இல்லையா?

ஜோனஸின் அப்பா குழந்தைகளைப் பராமரிப்பவர். மென்மையான மனிதர். தூக்கம் வராமல் அழும் கேப்ரியல் என்ற குழந்தையை, அது பிழைக்க வேண்டும் என்று ராத்திரியில் வீட்டுக்கே கொண்டுவருகிறார். பெயர் சூட்டும் விழாவுக்கு முன்னாலேயே பட்டியலைத் திருட்டுத்தனமாகப் பார்த்து, பெயர் சொல்லிக் கூப்பிட்டால் தேறிவிடுவான் என்று நம்புகிறவர். இரட்டைக் குழந்தைகள் பிறந்தால் எடை குறைந்ததை அனுப்பிவைக்க வேண்டும் என்று வீட்டில் சாதாரணமாகச் சொல்கிறார். எடை பார்ப்பேன், குளிப்பாட்டுவேன், டாட்டா காட்டுவேன் என்கிறார். பத்தொன்பதாம் அத்தியாயத்தில் ஜோனஸ் அதைத் திரையில் பார்க்கிறான். அப்பா கொஞ்சுகுரலில் பேசிக்கொண்டே ஊசியை எடுக்கிறார். கையில் நரம்பு ரொம்பச் சின்னதாக இருக்கிறது, அதனால்தான் நெற்றியில் போடுகிறேன், வலிக்கும்தான் என்று குழந்தையிடமே சமாதானம் சொல்கிறார். அது கொஞ்சம் உதறி, அடங்குகிறது. அட்டைப்பெட்டியில் வைத்து, குப்பைக்குழாய் மாதிரி ஒன்றில் தள்ளிவிட்டு, சொன்ன மாதிரியே டாட்டா காட்டுகிறார்.

அப்பா பொய் சொல்லிவிட்டார் என்று ஜோனஸ் கதறுகிறான். பதினைந்து வயதில் நானும் அவனோடு சேர்ந்துதான் கதறினேன். இப்போது எனக்கு அப்படித் தோன்றவில்லை. எடை பார்ப்பேன் என்றார், பார்த்தார். டாட்டா காட்டுவேன் என்றார், காட்டினார். அவர் சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. சொற்களைத் துல்லியமாகப் பயன்படுத்த வேண்டும் என்று பிள்ளைகளை அடித்துத் திருத்தும் ஊர் அது. மூன்று வயதில் ஒரு சொல்லைத் தப்பாகச் சொன்னதற்கு ஆஷர் அடி வாங்கியிருக்கிறான். அப்படிப்பட்ட ஊரில், கையில் ஊசி வைத்திருக்கும் மனிதனுக்குத் தான் செய்வதன் பெயர் தெரியாது. எல்லாச் சொல்லையும் திருத்தியவர்கள் அந்த ஒரு சொல்லைத் தொடவில்லை. நானும் நீங்களும் இன்றைக்கு அப்பா அம்மா வயதில் இருக்கிறோம். அதனால்தான் அந்த அறையில் நம் கண் ஜோனஸை விட்டுவிட்டு அந்த அப்பாவின் கைக்குப் போகிறது. நீங்கள் ஓட முடியாமல் நின்றதற்குக் காரணம் இதுதான் என்று நினைக்கிறேன். புத்தகம் உங்களைக் கைவிடவில்லை. முன்பு உங்களை உட்காரவைத்த இடத்திலிருந்து எழுப்பி வேறு இடத்தில் உட்காரவைத்திருக்கிறது.

இந்த நாவலின் விதைகளில் ஒன்றைப் பற்றி லோரி தன் விருது உரையில் பேசியிருக்கிறார். முதுமையில் ஞாபகம் தப்பிக்கொண்டிருந்த அவருடைய அப்பா, சுவரில் இருந்த பழைய படத்தைக் காட்டி, இது உன் அக்கா, இவளுக்கு என்ன ஆயிற்று என்று ஞாபகமில்லை என்கிறார். அந்த அக்கா இளவயதிலேயே இறந்துபோனவர். வலியை மறந்த அப்பா நிம்மதியாகத்தான் இருந்தார். மறப்பது நிம்மதி, ஆனால் பாதுகாப்பா என்று மகள் யோசித்தார். பகைத்துக்கொள்ள வேண்டிய ஒரு ஆளாக ஜோனஸின் அப்பாவை அவர் எழுதாததற்கு இதுவும் ஒரு காரணம் என்று எனக்குப் படுகிறது.

முடிவைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். தொடர்ச்சியாக வந்த நாவல்களைப் பார்த்தால் பதில் இருக்கிறது. 2004இல் வந்த ‘மெசெஞ்சர்’ நாவலில் ஜோனஸ் உயிரோடு இருக்கிறான். இந்த நாவலை மட்டும் வைத்துக்கொண்டால், நான் ஒரு தடவை பிழைத்தான் என்று நம்பியிருக்கிறேன், ஒரு தடவை பனியில் விறைத்துப் போனான் என்று அழுதிருக்கிறேன். இந்த நாலாம் முறை வேறு ஒன்று கண்ணில் பட்டது. கேப்ரியலைச் சட்டைக்குள் அணைத்துக்கொண்டு ஜோனஸ் மலை ஏறுகிறான். முதியவர் கொடுத்த வெயிலின் நினைவு தீர்ந்துகொண்டே வருகிறது. அப்போது சட்டென்று அவனுக்குச் சந்தோஷம் வருகிறது. அது அவனுடைய சொந்த நினைவுகளால் வருவது. ஆஷரை, ஃபியோனாவை, முதியவரை நினைத்துக்கொள்கிறான். தங்கையையும் நினைக்கிறான். அம்மா அப்பாவையும்தான். எல்லாம் பார்த்த பிறகு, அந்த அப்பாவையும். மூன்று தடவை வாசித்தும் நான் இந்த இடத்தில் நிற்காமலேயே போயிருக்கிறேன். இப்போது இதைத் தாண்டிப் போக மனம் வரவில்லை.

உங்கள் மகனுக்குக் கொடுங்கள். தேர்வு முடியட்டும், முடிவும் வரட்டும், டிசம்பர் விடுமுறையில் கொடுங்கள். 1990களில் அமெரிக்காவில் பள்ளிகளிலிருந்தும் நூலகங்களிலிருந்தும் எடுக்கச் சொல்லிப் பெற்றோர் அதிகம் புகார் செய்த புத்தகங்களில் இதுவும் ஒன்று. அவர்களின் பயம் எனக்குப் புரிகிறது. அந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம் என்று முன்கூட்டியே சொல்லிவிடாதீர்கள், அவனே போய்ச் சேரட்டும். ஆனால் பத்தொன்பதாம் அத்தியாயத்தை வாசிக்கும் அன்றைக்கு நீங்கள் வீட்டில் இருங்கள்.

போன டிசம்பரில் என் மகள் வாசித்தாள். சாயங்காலம், நான் குழம்பு தாளித்துக்கொண்டிருந்தேன். விரலைப் பக்கத்துக்குள் வைத்தபடி அடுப்படிக்கு வந்து நின்றாள். ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம், “அம்மா, அப்பாயிக்கு அப்படி யாரும் செய்யலைதானே?” என்று கேட்டாள்.

அடுப்பை அணைத்தேன். அவளை உட்காரவைத்து, ஆஸ்பத்திரியில் அந்தக் கடைசி ராத்திரி யார் யார் பக்கத்தில் இருந்தோம், அப்பாயி கடைசியாக என்ன கேட்டார், மூச்சு எப்படி அடங்கியது, அப்பா எந்தக் கையைப் பிடித்திருந்தார் என்று முதலிலிருந்து எல்லாவற்றையும் சொன்னேன்.

அன்புடன்,
அக்கா