சிறிய சர்வதேசப் பல்கலைக்கழகத்தில் அன்றாட வாழ்க்கை எப்படி இருக்கும்?

கேள்வி: வெளிநாட்டில் உள்ள ஒரு சர்வதேசப் பல்கலைக்கழகத்தில் எனக்கு இளநிலைப் படிப்புக்கு இடம் கிடைத்திருக்கிறது. மொத்தமே 1500 மாணவர்கள்தான் படிக்கிறார்கள். ஆனால் அவர்கள் பல்வேறு நாடுகளிலிருந்து வந்தவர்கள் என்கிறார்கள். இவ்வளவு சிறிய இடத்தில் மாணவர் வாழ்க்கை எப்படி இருக்கும்? தனிமையில் மாட்டிக்கொள்வேனோ என்ற அச்சம் இருக்கிறது. சேரும் முன் எவற்றையெல்லாம் விசாரிக்க வேண்டும்?

பதில்: உங்கள் அச்சம் இயல்பானதுதான். ஆனால் இத்தகைய ஒரு வளாகத்தின் மாணவர் நலப் பிரிவில் பல ஆண்டுகள் பணியாற்றிய அனுபவத்தில் ஒன்றைச் சொல்ல முடியும்: முதல் இரண்டு மாதங்கள் கழிந்த பிறகு என்னிடம் பேச வந்தவர்களில், தனிமையைப் பற்றிக் குறைபட்டவர்களைவிட, சிறிது நேரம் தனியாக இருக்க ஓர் இடம் கிடைக்கவில்லையே என்று வருந்தியவர்களே அதிகம். ஆயிரத்துச் சொச்சம் பேர் ஒரே வளாகத்தில் தங்கி, ஒரே நூலகத்தில் படித்து, நாள்தோறும் அதே உணவுக்கூடத்தில் சந்தித்துக்கொள்ளும்போது, யாரும் யாருக்கும் நெடுநாள் அந்நியராக இருக்க முடிவதில்லை. அளவில் அது ஒரு சிற்றூர். சிற்றூரின் அரவணைப்பும் அங்கே உண்டு. சிற்றூரின் கண்களும் உண்டு.

இதற்கு நல்ல எடுத்துக்காட்டு, ஜெர்மனியின் பிரேமன் நகரில் பழைய ராணுவக் குடியிருப்பு வளாகம் ஒன்றில் 2001-இல் வகுப்புகளைத் தொடங்கிய பல்கலைக்கழகம். இன்று கன்ஸ்ட்ரக்டர் பல்கலைக்கழகம் என்று அழைக்கப்படும் அங்கு, மாணவர்கள் தங்கும் இல்லங்களுக்கே ‘காலேஜ்’ என்று பெயர். நீங்கள் எந்தப் பாடம் படிக்கிறீர்கள் என்பதைவிட எந்த காலேஜில் தங்கியிருக்கிறீர்கள் என்பதே உங்கள் நண்பர் வட்டத்தைப் பெரும்பாலும் முடிவுசெய்கிறது; இயற்பியல் மாணவரும் வணிக மேலாண்மை மாணவரும் ஒரே தாழ்வாரத்தில் அடுத்தடுத்த அறைகளில் மூன்றாண்டு வாழ்வது அங்கே சாதாரணம்.

விடுதி வாழ்க்கையின் உண்மையான பள்ளிக்கூடம் பொதுச் சமையலறை. குளிர்சாதனப் பெட்டியின் ஒவ்வொரு தட்டிலும் ஒட்டுநாடாவில் ஒரு பெயர் எழுதி ஒட்டியிருக்கும். செப்டம்பரில் நேர்த்தியாக எழுதப்பட்ட அந்தப் பெயர்கள் நவம்பருக்குள் பாதி அழிந்துபோய், யாருடைய பாத்திரம் யாருடையது என்ற வழக்கு தொடங்கியிருக்கும். அற்பமாகத் தோன்றும் இந்த வழக்குகளை நான் ஒருபோதும் அற்பமாக நினைத்ததில்லை. ஒருவர் வளர்ந்த சூழலில் கழுவாத பாத்திரத்தைப் பற்றி நேராகக் கேட்பது நேர்மை. இன்னொருவருக்கு அதே கேள்வி பலர் முன்னிலையில் நேர்ந்த அவமானம். பெரிய பல்கலைக்கழகத்தில் இப்படி மனம் கசந்தவரை அடுத்த நாளிலிருந்து பார்க்காமலே இருந்துவிடலாம். இங்கே அவரே மறுநாள் காலை உங்கள் செமினாரில் எதிரே அமர்ந்திருப்பார். அடுத்த வாரம் குழுப் பணியில் உங்களுடன் சேர்க்கப்படுவார். எனவே சண்டையை அன்றே பேசித் தீர்க்கும் பழக்கம் இத்தகைய இடத்தில் மிக அவசியமான திறமை. காதல் முறிவுக்கும் இது பொருந்தும் என்பதை இளைஞர்களிடம் மறைக்காமல் சொல்லிவிடுவது நல்லது.

வகுப்பறையிலும் இதே நெருக்கம் தொடர்கிறது. பன்னிரண்டு பேர் வட்டமாக அமரும் செமினாரில் ஒரு நாற்காலி காலியாக இருந்தால் அது உடனே கண்ணில் படும். படிக்காமல் வந்தால் அதுவும் பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும். நெதர்லாந்தின் மிடில்பர்க் நகரில் 2004-இல் தொடங்கப்பட்ட, ஏறக்குறைய 600 மாணவர்களைக் கொண்ட ரோசவெல்ட் கல்லூரி போன்ற இடங்களில் கற்பித்தல் முறையே இந்தச் சிறு வகுப்பை நம்பித்தான் இயங்குகிறது. ஐரோப்பிய கிரெடிட் முறையில் ஓராண்டுக்கு 60 கிரெடிட். ஒரு கிரெடிட் என்பது 25 முதல் 30 மணி நேர உழைப்பு. அதாவது ஆண்டுக்கு 1500 முதல் 1800 மணி நேரம். இதில் வகுப்பில் அமரும் நேரம் சிறு பங்குதான். மீதி முழுவதும் நீங்களே படித்து, எழுதி, தயாராக வேண்டிய நேரம். கேட்டு எழுதி, மனப்பாடம் செய்து, ஆண்டிறுதியில் ஒரே தேர்வில் கரை சேரப் பழகியவர்கள் முதல் பருவத்தில் தடுமாறுவது இதனால்தான். அதற்கு ஈடாக, பேராசிரியர் உங்களைப் பெயர் சொல்லி அழைப்பார்; மேற்படிப்புக்குப் பரிந்துரைக் கடிதம் கேட்கும்போது, உங்களை உண்மையிலேயே அறிந்த ஒருவர் அதை எழுதுவார். சிறிய நிறுவனம் தரும் மிகப் பெரிய நன்மை இதுவே என்பது என் உறுதியான கருத்து.

குறையும் அங்கேயேதான் இருக்கிறது. ஒரு துறைக்கு நான்கைந்து பேராசிரியர்களே இருக்கும்போது, ஒருவர் ஆய்வு விடுப்பில் சென்றால் அவர் நடத்தும் விருப்பப் பாடம் அந்த ஆண்டு இல்லாமல் போகும். அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் சுமார் 350 பேர் மட்டுமே படிக்கும் காலேஜ் ஆஃப் த அட்லாண்டிக், மனிதருக்கும் சூழலுக்கும் உள்ள உறவை ஆராயும் மனிதச் சூழலியல் என்ற ஒரே பட்டப் படிப்பை வைத்துக்கொண்டு அதற்குள் ஒவ்வொருவரையும் தனக்கான பாதையை அமைத்துக்கொள்ளச் சொல்கிறது. எல்லா இடத்திலும் அந்தத் தெளிவு இருக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. விளம்பரக் கையேட்டில் அச்சிட்ட பாடப் பட்டியலை நம்பாமல், கடந்த இரண்டு ஆண்டுகளில் உண்மையில் எந்தெந்தப் பாடங்கள் நடத்தப்பட்டன என்ற பட்டியலைக் கேட்டு வாங்குங்கள்.

வளாகத்துக்கு வெளியே ஒரு வாழ்க்கையை அமைத்துக்கொள்வது பற்றிச் சற்று அழுத்தமாகவே சொல்ல விரும்புகிறேன். ஜப்பானின் சர்வதேசப் பல்கலைக்கழகம் 1982-இல் நீகாத்தா மாகாணத்தில், கடும் பனி பொழியும் மலைப்பகுதியில் தொடங்கப்பட்டது. ஆங்கில வழியில் இளநிலைக்கு மேற்பட்ட படிப்புகளை மட்டுமே நடத்தும் அதற்கும் டோக்கியோவுக்கும் இடையே புல்லட் ரயிலில் ஏறக்குறைய ஒன்றரை மணி நேரப் பயணம். இத்தகைய இடத்தில் ஆங்கிலத்தை மட்டும் வைத்துக்கொண்டு மாதக்கணக்கில் வளாகத்துக்குள்ளேயே காலம் தள்ளிவிட முடியும். அப்படித் தள்ளியவர்கள்தான் இரண்டாம் ஆண்டில் மூச்சுமுட்டுவதாகச் சொல்வார்கள். முதல் வாரமே உள்ளூர் மொழி வகுப்பில் சேருங்கள். ஊரிலுள்ள ஒரு பாடகர் குழுவோ, நீச்சல் சங்கமோ, தன்னார்வப் பணியோ ஏதேனும் ஒன்றில் வாரம் ஒருமுறை கலந்துகொள்ளுங்கள். உங்களை மாணவராகப் பார்க்காத நான்கு பேரை அறிந்திருப்பது மனத்துக்குப் பெரிய விடுதலை.

பகுதிநேர வேலையைப் பொறுத்தவரை, சட்டம் அனுமதிப்பதும் ஊர் தருவதும் வெவ்வேறு. ஜெர்மனியில் 2024 மார்ச் முதல் வெளிநாட்டு மாணவர் ஆண்டுக்கு 140 முழு நாள்கள் வேலை செய்யலாம். ஆனால் சிறு ஊரில் உள்ளூர் மொழி பேசாதவருக்குக் கிடைக்கும் வேலைகள் சொற்பம். அந்த வருமானத்தை நம்பிக் கட்டணத்தைத் திட்டமிடாதீர்கள்.

நிறுவனத்தின் நிலைத்தன்மையையும் விசாரிக்க வேண்டும். மேலே சொன்ன பிரேமன் பல்கலைக்கழகம், ஓர் அறக்கட்டளையின் பெரும் நன்கொடைக்குப் பின் 2007-இல் ஜேக்கப்ஸ் என்ற பெயருக்கும், 2022-இல் இப்போதைய பெயருக்கும் மாறியது. படிப்பு தொடர்ந்தது என்றாலும், பழைய மாணவர்கள் தங்கள் சான்றிதழில் உள்ள பெயரை இன்றும் விளக்க வேண்டியிருக்கிறது. மத்திய ஐரோப்பியப் பல்கலைக்கழகமோ, வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்கள் குறித்து ஹங்கேரியில் 2017-இல் வந்த சட்டத்தின் விளைவாக, அமெரிக்க அங்கீகாரம் பெற்ற தன் படிப்புகளை 2019-இல் புடாபெஸ்ட்டிலிருந்து வியன்னாவுக்கு மாற்ற நேர்ந்தது. தரச்சான்று வழங்கிய அமைப்பு எது, அது எந்த ஆண்டு வரை செல்லுபடியாகும், நீங்கள் பிற்பாடு வேலை தேடும் நாட்டில் அந்தப் பட்டம் ஏற்கப்படுமா என்ற மூன்றுக்கும் எழுத்தில் பதில் பெறுங்கள்.

மனநல ஆலோசகர் எத்தனை பேர், முதல் சந்திப்புக்கு எத்தனை நாள் காத்திருக்க வேண்டும் என்றும் கேளுங்கள். ஒரே ஒருவர்தான் இருக்கிறார் என்றால், அவர் விடுப்பில் இருக்கும்போது யாரிடம் செல்வது என்று அடுத்த கேள்வியையும் தயங்காமல் கேளுங்கள். நீண்ட விடுமுறையில் விடுதி திறந்திருக்குமா என்பதும் முக்கியம். சில இடங்களில் குளிர்கால விடுமுறைக்கு அறையைக் காலி செய்யச் சொல்வார்கள். பயணச் செலவு தாங்காத மாணவர்கள் டிசம்பர் நடுவில் பெட்டியுடன் வந்து நின்றதைப் பார்த்திருக்கிறேன்.

இவை அனைத்தையும் சேர்க்கை அலுவலகத்திடம் கேட்ட பிறகு, அங்கே இப்போது இரண்டாம் ஆண்டு படிக்கும் இரண்டு மாணவர்களிடமும் பேசுங்கள். முதலாண்டு மாணவர் இன்னும் புதுமையில் இருப்பார். இறுதியாண்டு மாணவரின் மனம் வெளியே போய்விட்டிருக்கும். “பிடித்திருக்கிறதா?” என்று கேட்டால் மரியாதைக்கு “ஆம்” என்பார்கள். கடந்த ஞாயிற்றுக்கிழமையைக் காலையிலிருந்து இரவு வரை எப்படிக் கழித்தீர்கள் என்று கேளுங்கள்.