முதல் பின்னலைக் கவனியுங்கள்

உப்புவெளியிலிருந்து ஒரு தாயார் எழுதியிருக்கிறார். மகன் இந்த ஆண்டுதான் முதலாம் தரத்தில் சேர்ந்திருக்கிறான். "சப்பாத்து லேஸ் கட்டப் பழக்கத் தொடங்கி இரண்டு மாதமாகிறது. கையில் லேஸைக் கொடுத்தாலே அழுகிறான். நான் கட்டிவிட்டாலும் இடைவேளைக்கு முன்பே அவிழ்ந்துவிடுகிறது. ஒருமுறை லேஸை மிதித்து விழுந்தும்விட்டான். அவனுடைய விரல்களில் ஏதும் குறை இருக்குமோ? லேஸ் இல்லாத சப்பாத்து வாங்கிக் கொடுத்துவிடலாமா?" என்று கேட்கிறார்.

"நான் கட்டிவிட்டாலும் அவிழ்ந்துவிடுகிறது" என்று எழுதியிருக்கிறீர்களே, அங்கிருந்துதான் தொடங்க வேண்டும். மகனுக்குப் பழக்கும் முன் உங்கள் முடிச்சை ஒருதடவை பார்ப்போம். கோபித்துக்கொள்ளாதீர்கள். அன்றாட வேலைகளைத் தாமே செய்யப் பழக்கும் தொழில்வழிச் சிகிச்சையைப் படித்து முடித்து, பிள்ளைகளோடு வேலை செய்யத் தொடங்கிய பிறகுதான் நானே என் சப்பாத்தை இத்தனை ஆண்டுகளாகப் பிழையாகக் கட்டியிருக்கிறேன் என்று கண்டுகொண்டேன். என் அம்மா கட்டியது போலக் கட்டினேன். அவர் அவருடைய அம்மாவைப் போலக் கட்டியிருப்பார்.

நாளைக்கு மகனின் சப்பாத்தைக் கட்டிய பின் மேலிருந்து பாருங்கள். இரண்டு காதுகளும் (முடிச்சின் இரு பக்கமும் நிற்கும் வளையங்கள்) சப்பாத்துக்குக் குறுக்கே, இடமும் வலமுமாகப் படுத்திருந்தால் முடிச்சு சரி. ஒரு காது விரல் பக்கமும் மற்றது கணுக்கால் பக்கமுமாகத் திரும்பி நின்றால் அது தானாக அவிழும் முடிச்சு. எவ்வளவு இறுக்கினாலும் பயனில்லை.

திருத்துவது மிக எளிது. காது வைத்துச் சுற்றும் பகுதியில் கை வைக்கவே வேண்டாம். அது உங்கள் விரலுக்குப் பழகிப்போன வேலை. அதற்கு முன் இரண்டு நுனிகளையும் குறுக்கே போட்டு ஒன்றை அடியால் இழுக்கிறீர்களே, அந்த முதல் பின்னலை மட்டும் மாற்றுங்கள். வலது நுனியை மேலே போடுகிறவர் என்றால் இனி இடது நுனியை மேலே போடுங்கள். அவ்வளவுதான்.

இதற்கு ஆய்வும் இருக்கிறது. 2017 இல் பெர்க்லியிலுள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகப் பொறியியலாளர்கள், ஓடும் ஒருவருடைய சப்பாத்தை அதிவேகக் கமராவில் பதிவுசெய்து பார்த்தார்கள். கால் நிலத்தில் அடிக்கும்போது ஈர்ப்புவிசையைப் போல ஏறத்தாழ 7 மடங்கு விசை முடிச்சைத் தாக்குகிறது. அந்த அதிர்ச்சியில் முடிச்சு விரிந்து தளர்கிறது. அதே நேரம் கால் வீசும் வேகத்தில் தொங்கும் நுனிகள் சாட்டை போல அடித்து, கண்ணுக்குத் தெரியாத கை ஒன்று இழுப்பது போல முடிச்சை உருவுகின்றன. சரியான முடிச்சும் ஒருநாள் அவிழும். பிழையான முடிச்சு அதைவிட மிக விரைவில் அவிழும். இடைவேளை மணி அடிக்கும் முன்பே ஓடித் திரியும் பிள்ளையின் காலில் அது எவ்வளவு நேரம் தாங்கும்?

இனி மகனுக்கு வருகிறேன். முதலாம் தரத்தில் சேர்க்க வயதைக் கணக்கிடும் நாளான ஜனவரி 31 இல் 5 வயது நிறைந்த பிள்ளையும் ஏறத்தாழ 6 வயதாகும் பிள்ளையும் ஒரே வகுப்பில் இருப்பார்கள். பெரும்பாலான பிள்ளைகளுக்கு லேஸ் கட்டுவது 5 வயதுக்கும் 7 வயதுக்கும் இடையில்தான் கைவருகிறது. பக்கத்து வாங்கில் இருப்பவன் கட்டுகிறான் என்பதை வைத்து எதுவும் முடிவு செய்யாதீர்கள். நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. இந்த வெயிலுக்கும் மணலுக்கும் வெறுங்கால் அல்லது செருப்புத்தான். சப்பாத்து என்பது பாடசாலையோடு வந்த சாமான்; அதைத் தொடுவதே காலையில் வான் வந்து ஹோர்ன் அடிக்கும் நேரத்தில்தான். அந்த நேரத்தில் யாருக்கு எதைப் பழக்க முடியும்? காலையில் நீங்களே கட்டிவிடுங்கள். பாடம் மாலையில் நடக்கட்டும், பத்து நிமிடம் போதும். அவன் சலிப்பதற்கு முன் நிறுத்திவிடுங்கள்.

சப்பாத்தைக் காலில் போட்டுக்கொண்டு தொடங்கவும் வேண்டாம். குனிந்து, மடங்கி, வயிறு அழுந்த இருக்கும் பிள்ளைக்கு விரல் எப்படி வேலை செய்யும்? பால்மா பெட்டி அட்டையில் அவனுடைய காலை வைத்து வரைந்து, இரண்டு துளை போட்டு, சிவப்பு நாடா ஒன்றும் நீல நாடா ஒன்றும் கோத்துக் கொடுங்கள். பருத்தி நாடா நல்லது. நைலோன் வழுக்கும், பெரியவர்களுக்கே அதில் முடிச்சு நிற்காது. அட்டையை மேசையில், விரல் பக்கம் அவனுக்கு எதிர்ப்புறமாக இருக்க வையுங்கள். நீங்கள் எதிரே இருக்காமல் பக்கத்துக் கதிரையில் இருங்கள். எதிரே இருந்தால் உங்கள் வலம் அவனுக்கு இடமாகத் தெரியும். (மகன் இடக்கைக்காரன், நீங்கள் வலக்கை என்றால் மட்டும் எதிரே இருங்கள், அப்போது கண்ணாடி போல அவனால் பார்த்துச் செய்ய முடியும்.)

பழக்கும் வரிசைதான் பலரைத் திகைக்க வைக்கும்: கடைசியிலிருந்து தொடங்குங்கள். முழு முடிச்சையும் நீங்களே போட்டு, இரண்டு காதுகளையும் பிடித்து இறுக்குவதை மட்டும் அவனிடம் விடுங்கள். அது கைக்கு வந்ததும், காதை ஓட்டைக்குள்ளால் தள்ளி இழுப்பதையும் அவனே செய்யட்டும். இப்படி ஒவ்வொரு படியாகப் பின்னோக்கி வாருங்கள். முதலிலிருந்து பழக்கும்போது பிள்ளை பாதி வழியில் நூல் சிக்கி நிற்கிறான். ஒவ்வொரு முயற்சியும் தோல்வியில் முடிகிறது. அழுகை அங்கிருந்துதான் வருகிறது. கடைசியிலிருந்து வந்தால், முதல் நாளே முடிந்த முடிச்சு அவன் கையில் இருக்கும்.

இரு காது முறையே சிறு கைகளுக்கு ஏற்றது. ஒரு காது வைத்து மற்ற நுனியைச் சுற்றும் முறையில் ஒரு கை அசையாமல் பிடித்திருக்க, மறு கை சுற்ற வேண்டும், அது கடினம். இரண்டு காது வைத்தால் முதற் பின்னலைப் போலவே ஒரு பின்னல். ஆனால் இங்கேதான் பிழை நுழையும். இரண்டு தடவையும் இடதை வலதின் மேல் போட்டால் மேலே சொன்ன அவிழும் முடிச்சுத்தான் கிடைக்கும். இட வலம் சொல்லி ஐந்து வயதுப் பிள்ளையைக் குழப்பாதீர்கள். நிறம் சொல்லுங்கள்: "சிவப்பு மேலே போய், கீழால் நுழைந்து வருகிறது. பிறகு காது வைத்த பிறகும் சிவப்புத்தான் மேலே." இரண்டு தடவையும் ஒரே நிறம் மேலே போனால் முடிச்சு தானாகவே சரியாக வரும். நீங்களே ஒருமுறை கட்டிப் பாருங்கள்.

திருக்கடலூர்ப் பக்கம் ஒரு பிள்ளைக்கு இதைச் சொல்லிக்கொண்டிருந்தபோது, பக்கத்தில் வலை பின்னிக்கொண்டிருந்த அம்மப்பா நான் முடிக்கும் முன்பே சிரித்தார். "ஒரே நுனிதானே பிள்ளை எப்பவும் வேலை செய்யும்" என்றார். நான் படித்து அறிந்ததை அவர் நைலோன் நூலில் கண்டிருந்தார். வீட்டில் அப்படி ஒருவர் இருந்தால் மகனை அவரிடம் விட்டுவிடுங்கள். வீட்டில் அக்கா இருந்தால் அவளுடைய ரிபனும் நல்ல பயிற்சிக் கருவி. பின்னலில் கட்டும் பூவும் இதே முடிச்சுத்தான்.

விரலில் குறை இருக்குமோ என்று கேட்டீர்கள். இந்த வயதில் லேஸ் ஒன்றை மட்டும் வைத்துப் பயப்படத் தேவையில்லை. சேட் பொத்தான் போடுவது, கத்தரிக்கோல் பிடிப்பது, பென்சில் பிடிப்பது, சோறு பிசைந்து சாப்பிடுவது ஆகியவற்றிலும் தொடர்ந்து திணறுகிறான் என்றால் பிள்ளை நல வைத்தியரிடம் ஒருமுறை காட்டுங்கள்.

லேஸ் இல்லாத சப்பாத்து வாங்கலாமா? பாடசாலை அனுமதித்தால் தாராளமாக வாங்குங்கள். ஒட்டும் பட்டி வைத்த சப்பாத்தில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் மாலைப் பயிற்சியை விட வேண்டாம். இப்போதிருக்கும் சப்பாத்தையே தொடர்ந்து போடுவதென்றால், லேஸின் நுனிகளைப் பாருங்கள். பிளாஸ்டிக் முனை கழன்று நூல் பிரிந்திருந்தால் துளைக்குள் நுழைக்கவே பிள்ளைக்குப் பத்து நிமிடம் போய்விடும். உருகிய மெழுகுதிரியில் நுனியைத் தோய்த்து, கொஞ்சம் ஆறியதும் விரலால் உருட்டிக் கூராக்கிக் கொடுங்கள்.