டெக்சஸ் கிராமக் கவுண்டியில் உங்கள் பெயரில் வாரண்டா? கேள்வி பதில்

டெக்சஸில் ஒரு சின்ன கவுண்டி (நம்மூர் மாவட்டம் மாதிரி) கோர்ட்டில் ஆறு வருடம் கிளார்க்காக வேலை பார்த்தேன். இப்போது ஒரு வக்கீல் ஆபீஸில் உதவியாளர். நான் வக்கீல் இல்லை. சொல்வதெல்லாம் டெக்சஸுக்கு மட்டும்தான். பக்கத்து ஓக்லஹோமாவில்கூட கதை வேறு. கோர்ட் வரச் சொன்ன நாளில் போகாமல் விட்டதால் நீதிபதி போடும் பிடிவாரண்ட் பற்றி வந்த கேள்விகளை எடுத்துக்கொண்டேன்.

அக்கா, இரண்டு வருடம் முன்பு அமரில்லோ போகும்போது 287-ஆம் நெடுஞ்சாலையில் ஸ்பீடிங் டிக்கெட். அப்புறம் வீடு மாறினேன், மறந்தே போனேன். வாரண்ட் இருக்கிறதா என்று எங்கே பார்ப்பது? இணையத்தில் தேடினால் ஒன்றும் வரவில்லை. (பிளேனோ)

வராது. டெக்சஸில் 254 கவுண்டிகள். எல்லாவற்றின் வாரண்டையும் பொதுமக்கள் ஒரே இடத்தில் தேடிப் பார்க்க வழி இல்லை. பெரிய ஊர்களில் ஆன்லைன் தேடல் உண்டு. கிராமத்துப் பக்கம் ஒரு கிளார்க், ஒரு டெலிபோன், ஒரு பீரோ, அவ்வளவுதான். 2020 கணக்கெடுப்பில் லவ்விங் கவுண்டியின் மொத்த ஜனத்தொகையே 64 பேர்!

முதலில் டிக்கெட்டைத் தேடுங்கள். யார் கொடுத்தது என்று பாருங்கள். ஊர் போலீஸ் கொடுத்திருந்தால் அந்த ஊரின் முனிசிபல் கோர்ட். ட்ரூப்பரோ (மாநிலப் போலீஸ்) ஷெரீஃபின் (கவுண்டி போலீஸ் தலைவர்) ஆளோ கொடுத்திருந்தால் ஜஸ்டிஸ் ஆஃப் தி பீஸ் கோர்ட், சுருக்கமாக ஜேபி கோர்ட். ஒரு கவுண்டியில் ஒன்று முதல் எட்டு பிரிசிங்ட் (கோர்ட்டின் எல்லைப் பகுதி) வரை இருக்கலாம், எந்த எண் என்று டிக்கெட்டிலேயே இருக்கும். டிக்கெட் தொலைந்துவிட்டதா? எந்த ஊரைத் தாண்டும்போது பிடித்தார்கள் என்று யோசித்து, அது எந்தக் கவுண்டி என்று கண்டுபிடித்து, அங்கிருக்கும் ஜேபி கோர்ட்டுகளுக்கு வரிசையாகப் போன் போடுங்கள். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் பல இடங்களில் யாரும் எடுக்க மாட்டார்கள். காலை ஒன்பதரை நல்ல நேரம்.

இனி நம் ஆட்கள் சறுக்கும் இடம். பெயர்! அப்பா பெயர் லாஸ்ட் நேமாக ஒரு ஆவணத்தில், ஊர்ப் பெயரோடு சேர்ந்து இன்னொன்றில், பாஸ்போர்ட்டில் முழுப் பெயரும் ஒரே கட்டத்தில். ராத்திரி பதினொரு மணிக்கு டார்ச் வெளிச்சத்தில் அந்த ட்ரூப்பர் எதை எங்கே எழுதினாரோ. நான் வேலை பார்த்தபோது ஒருவர் மூன்று தடவை போன் செய்து "உங்கள் பெயரில் ஒன்றுமில்லை" என்ற பதிலைக் கேட்டு நிம்மதியாக இருந்தார். வாரண்ட் இருந்தது, பெயர் தலைகீழாக. அதனால் பெயரைச் சொல்லி மட்டும் கேட்காதீர்கள். டிரைவிங் லைசன்ஸ் எண், பிறந்த தேதி, முடிந்தால் டிக்கெட் எண் மூன்றையும் சொல்லுங்கள். பிறந்த தேதியில் மாதம் முதலில். ஏப்ரல் 7-ஐ நாம் 7/4 என்று எழுதினால் அவர்களுக்கு அது ஜூலை 4.

ஷெரீஃப் ஆபீஸுக்கே போன் செய்து கேட்டால் என்ன? (கேட்டி)

கேட்கலாம். ஆனால் அவர்கள் வேலை வாரண்டை நிறைவேற்றுவது, கிளார்க்கின் வேலை கேஸை முடிப்பது. என்னைக் கேட்டால் கிளார்க்கைத்தான் கூப்பிடுவேன். சட்ட ஆலோசனை அவர் சொல்லக் கூடாது. தொகை, வாய்தா தேதி, என்னென்ன வழி இருக்கிறது என்பதெல்லாம் சொல்வார்.

அக்கா, நேரில் போனால் அங்கேயே விலங்கு மாட்டிவிடுவார்களோ என்று பயம். அதனாலேயே ஒரு வருடமாகப் போகவில்லை. (ரவுண்ட் ராக்)

இந்தப் பயத்தில்தான் நூறு டாலர் விஷயம் ஐந்நூறாகிறது. ஸ்பீடிங், இன்ஷூரன்ஸ் இல்லாதது போன்றவை கிளாஸ் சி குற்றம். தண்டனை அபராதம் மட்டும்தான், சிறை கிடையாது. இந்த மாதிரி கேஸில் ஆஜராகாததற்காகப் போட்ட வாரண்ட் இருக்கும்போது, போலீஸ் பிடிப்பதற்கு முன் நீங்களாகவே வந்து நல்லெண்ணத்தோடு முடிக்க முயன்றால், நீதிபதி அந்த வாரண்டைத் திரும்பப் பெற்றே ஆக வேண்டும் என்கிறது டெக்சஸ் சட்டம். "பெறலாம்" என்று இல்லை, "பெற வேண்டும்". தீர்ப்புக்குப் பிறகு அபராதம் கட்டாமல் விட்டதற்கு வரும் "கேப்பியாஸ் ப்ரோ ஃபைன்" என்ற வாரண்டுக்கும் இதே கதைதான்.

இன்னொன்று. முதல் வாய்தாவுக்கு வராதவர் மேல் வாரண்ட் போடும் முன், புதுத் தேதி கொடுத்து, முழுப் பணம் கட்ட முடியாதவருக்கு என்ன வழி என்றும் விளக்கி, போனிலோ தபாலிலோ சொல்ல வேண்டும் என்று 2017-ல் சட்டம் கொண்டுவந்தார்கள். அந்தக் கடிதம் உங்கள் பழைய அபார்ட்மெண்டுக்குப் போயிருக்கும். கோர்ட்டைக் குறை சொல்ல முடியாது.

போகும் முன் கிளார்க்கிடம் "நானே வந்து முடிக்கிறேன், நீதிபதி எப்போது இருப்பார்?" என்று கேட்டுவிடுங்கள். சின்ன ஊரில் ஜேபி தினமும் கோர்ட்டில் உட்கார்ந்திருக்க மாட்டார். அவர் தேர்தலில் ஜெயித்து வந்தவர், வக்கீலாக இருக்க வேண்டிய கட்டாயமும் இல்லை. பண்ணை வைத்திருப்பவராகக்கூட இருக்கலாம். மரியாதையாகப் பேசினால் காது கொடுத்துக் கேட்பார்கள். "எனக்கு யாரைத் தெரியும் தெரியுமா" என்று ஆரம்பித்தவர்களையும் பார்த்திருக்கிறேன், வேண்டாம்.

டிக்கெட்டில் கையெழுத்துப் போட்டேன். அது குற்றத்தை ஒப்புக்கொண்டதாகாதா?

ஆகாது. வருகிறேன் என்று கொடுத்த வாக்கு, அவ்வளவுதான். அந்த வாக்கை மீறியதற்குத் தனியாக இன்னொரு கேஸ் வரலாம். அதனால் கிளார்க்கிடம் "என் பெயரில் ஒரு கேஸா, இரண்டா?" என்று கேளுங்கள்.

பணம்தான் பிரச்சினை. வேலை போய் நாலு மாதம். டிக்கெட், மேற்படி எல்லாம் சேர்த்து எழுநூறைத் தாண்டிவிட்டது. கட்டாவிட்டால் ஜெயிலா? (ஹூஸ்டன்)

தொகை ஏன் ஏறுகிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். வாரண்டுக்கு 50 டாலர். அறுபது நாளுக்கு மேல் பாக்கி நின்று வசூல் நிறுவனத்துக்குப் போனால் மேலே 30 சதவீதம். லைசன்ஸ் புதுப்பிக்க விடாமல் தடுக்கும் ஆம்னிபேஸ் திட்டத்தில் அந்தக் கோர்ட் சேர்ந்திருந்தால் இன்னொரு 10 டாலர். இந்தக் கட்டணம் 2020-க்கு முன் 30 ஆக இருந்தது.

உங்கள் ஊர்க் கதை ஒன்று. டேட் என்ற ஹூஸ்டன்காரருக்குப் போக்குவரத்து அபராதம் 425 டாலர் சேர்ந்திருந்தது. கட்ட வழியில்லை. நாளுக்கு 5 டாலர் கணக்கில் 85 நாள் சிறைப் பண்ணைக்கு அனுப்பினார்கள். வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போய், பணம் இல்லை என்ற ஒரே காரணத்துக்காக அபராதத்தைச் சிறையாக மாற்றக் கூடாது என்று 1971-ல் தீர்ப்பு வந்தது.

ஆகவே வாயைத் திறந்து கேட்க வேண்டும். "எனக்குக் கட்ட வசதி இல்லை, மாற்று வழி வேண்டும்" என்று எழுத்தில் கொடுங்கள். வேலை நீக்கக் கடிதம், பேங்க் ஸ்டேட்மெண்ட், வாடகை ரசீது கூடவே இருக்கட்டும். மாதத் தவணை கிடைக்கும். சமூக சேவை என்றால் எட்டு மணி நேரத்துக்குக் குறைந்தது 100 டாலர் கழியும். உணவு வங்கியில் மூட்டை தூக்கியே கணக்கை முடித்தவர்கள் உண்டு. நிலைமை ரொம்ப மோசமென்றால் தள்ளுபடி செய்யவும் நீதிபதிக்கு அதிகாரம் உண்டு. கேட்காதவருக்கு எதுவும் கிடைக்காது.

நான் லாரி டிரைவர், கலிஃபோர்னியாவில் எடுத்த சிடிஎல் (லாரி, பஸ் ஓட்டும் லைசன்ஸ்). டிஃபென்சிவ் டிரைவிங் என்ற பாதுகாப்பாக ஓட்டும் கிளாஸ் போய் டெக்சஸ் டிக்கெட்டை அழிக்க முடியுமா? (ஃப்ரெஸ்னோ)

முடியாது தம்பி. சிடிஎல் வைத்திருப்பவரின் டிக்கெட்டை மறைக்கக் கூடாது என்பது ஃபெடரல் விதி. சொந்தக் காரில் போனபோது பிடித்தாலும் அதேதான். உங்களுக்கு இது பிழைப்பு. பேசாமல் பணம் கட்டினால் குற்றம் உறுதியாகி ரெக்கார்டில் ஏறிவிடும். அந்தக் கவுண்டியில் வழக்கமாக ஆஜராகும் உள்ளூர் வக்கீலைப் பிடியுங்கள். டெக்சஸ் வக்கீல்களின் அமைப்பான ஸ்டேட் பார் நடத்தும் பரிந்துரை சேவையில் கேட்டால் ஆள் சொல்வார்கள். (சாதாரண லைசன்ஸ்காரர்கள் கிளாஸ் கேட்பதென்றால் முதல் ஆஜர் தேதிக்குள் கேட்டிருக்க வேண்டும். வாரண்ட் வரை போன பிறகு அந்த வண்டி பெரும்பாலும் கிளம்பிப் போயிருக்கும்.)

எனக்கு டிக்கெட் இல்லை, குடித்துவிட்டு ஓட்டிய கேஸ். கவுண்டி கோர்ட்டில் ஒரு வாய்தா தவறவிட்டேன். நானே போய்ப் பேசலாமா? (பெயர் வேண்டாம்)

வேண்டாம். மேலே சொன்ன எதுவும் உங்களுக்குப் பொருந்தாது. அங்கே முதல் தடவைக்கே குறைந்தது 72 மணி நேரம் சிறை என்று சட்டத்தில் இருக்கிறது. வராமல் விட்டது தனிக் குற்றம், ஜாமீன் பணமும் பறிபோகலாம். இன்றைக்கே வக்கீல். வாரண்டைத் திரும்பப் பெறச் சொல்லி அவர் மனுப் போடுவார், அல்லது முன்கூட்டியே ஜாமீனை ஏற்பாடு செய்துவிட்டு உங்களைச் சரணடைய வைப்பார். விசாவில் இருக்கிறீர்கள் என்றால் குடியேற்ற வக்கீலையும் பாருங்கள். குடித்து ஓட்டிக் கைதானதற்காகவே, தீர்ப்புக்கு முன்பே, பாஸ்போர்ட்டில் ஒட்டியிருக்கும் விசாவை அமெரிக்க வெளியுறவுத் துறை ரத்து செய்வதுண்டு.

சாதாரண ஸ்பீடிங் டிக்கெட் குடியுரிமை மனுவைக் கெடுக்குமா, அக்கா?

கெடுக்காது. என்-400 படிவத்தில் மறைக்காமல் சொல்லுங்கள். கைது இல்லாமல், மது, போதை சம்பந்தம் இல்லாமல், தண்டனை 500 டாலருக்குக் குறைந்த அபராதம் மட்டும் என்றால் ஆவணம் இணைக்கவே தேவையில்லை. ஆனால் திறந்த வாரண்டோடு நேர்காணலுக்குப் போய் உட்காராதீர்கள்.

ஷெரீஃப் ஆபீஸ் என்று சொல்லி ஒருவர் பேசினார். ஒரு மணி நேரத்தில் கிஃப்ட் கார்டு வாங்கி எண்ணைச் சொல்லாவிட்டால் கைது என்றார். என் பெயர், விலாசம் எல்லாம் சரியாகச் சொன்னார். (ஃபிரிஸ்கோ)

மோசடி. எந்தக் கோர்ட்டும் கிஃப்ட் கார்டு வாங்காது. போனை வைத்துவிட்டு, கவுண்டியின் எண்ணை நீங்களே தேடிக் கூப்பிடுங்கள்.

நான் ஊருக்கே திரும்பிவிட்டேன், இப்போது திருச்சி. பழைய டிக்கெட்டை அப்படியே விட்டால் காலாவதி ஆகிவிடாதா?

குற்றப் பத்திரம் தாக்கலாகிவிட்டால் வாரண்டுக்குக் காலாவதி கிடையாது. பத்து வருடம் கழித்து மகள் பட்டமளிப்புக்கு வருவீர்கள், வாடகைக் கார் எடுப்பீர்கள், அப்போது எழுந்து உட்காரும். கிளாஸ் சி கேஸை அங்கிருந்தே முடிக்கலாம், கிளார்க்குக்கு ஈமெயில் போடுங்கள். நேரில் வராமலே தபாலில் பதில் மனு அனுப்ப வழி உண்டு, வக்கீல் வைத்தும் செய்யலாம்.

ஒன்றை மறக்காதீர்கள், எல்லோருக்கும்தான். பணம் கட்டி முடித்த அன்றே, வாரண்ட் திரும்பப் பெறப்பட்டது என்று முத்திரையோடு ஒரு காகிதம் கேட்டு வாங்குங்கள். அந்தக் கிளார்க் அதைக் கணினியில் ஏற்றுவது நாளைக்கும் இருக்கலாம், அடுத்த வாரமும் இருக்கலாம். நானே வெள்ளிக்கிழமை சாயங்காலம் வந்ததைத் திங்கட்கிழமைக்குத் தள்ளியிருக்கிறேன். சனி ஞாயிறு வண்டி ஓட்டும்போது அந்தக் காகிதம் காரில் இருக்கட்டும்.