காப்பி அடித்த கடல்: கேள்வி பதில்

மண்டபத்துக்கும் தொண்டிக்கும் இடையில் நான்கு பள்ளிகளில் முப்பத்தொரு வருடம் அறிவியல் எடுத்து ஓய்வு பெற்றவன் நான். குழந்தைகள் அறிவியல் மாநாட்டுக்கு வழிகாட்டி ஆசிரியராகவும் சில வருடம் நடுவராகவும் இருந்திருக்கிறேன். பிள்ளைகள் ஒப்படைப்பிலும் புராஜெக்டிலும் காப்பி அடிப்பதைப் பற்றி யாரும் கேட்கலாம் என்று சொன்னேன். கேள்விகள் குவிந்துவிட்டன. தெரிந்ததற்கு நீளமாகவும் மற்றதற்கு ஒரு வரியிலும் பதில் வரும், கோபிக்க வேண்டாம்.

பாம்பன், ஒன்பதாம் வகுப்பு மாணவர்: சார், நெட்டில் எடுத்ததை எப்படிக் கண்டுபிடிக்கிறீர்கள்? சாஃப்ட்வேர் வைத்திருக்கிறீர்களா?

சாஃப்ட்வேர் எதற்குத் தம்பி, கடல் இருக்கிறதே.

ஒரு வருடம் கடற்பாசி பற்றி ஐந்து அறிக்கைகள் என் மேசைக்கு வந்தன. ஒன்றில் 'நமது கடற்கரையில் கெல்ப் காடுகள் அடர்ந்து வளர்கின்றன' என்று இருந்தது. கெல்ப் குளிர்ந்த கடலில் வளர்கிற பெரிய பாசி. மன்னார் வளைகுடாவின் வெதுவெதுப்பில் அதற்கு வேலையே இல்லை. எழுதிய பிள்ளையின் அம்மா பாசி எடுக்கப் போகிறவர். விரலில் துணி சுற்றிக்கொண்டு முங்கி, கஞ்சிப்பாசி எது, மரிக்கொழுந்து எது, கட்டக்கோரை எது என்று கை பட்டதுமே சொல்லிவிடுவார். மகள் எழுதியதோ யாரோ ஒருவருடைய கடல்.

இன்னொன்றில் 'ஓதம் பல மீட்டர் உயரம் ஏறி இறங்கும்' என்று இருந்தது. நம் பக்கம் ஏற்றத்துக்கும் வற்றுக்கும் ஒரு மீட்டர் வித்தியாசம்கூட வராது. மூன்றாவது 'ஜூன் மாதத்தில் கடல் கொந்தளிக்கும்' என்றது. எந்தக் கடல்? பாம்பனில் நின்றுகொண்டு இப்படிப் பொத்தாம்பொதுவாக எழுத முடியுமா? கச்சான் என்கிற தென்மேற்குக் காற்றில் தென்கடல் (மன்னார் வளைகுடா) குதிக்கும்போது வடகடல் (பாக் விரிகுடா) குளம் மாதிரிக் கிடக்கும். வாடைக் காலத்தில் அப்படியே தலைகீழ். ஆண்கடல், பெண்கடல் என்று உன் தாத்தா சொல்லிக் கேட்டிருப்பாய்.

மூன்று அறிக்கைக்கும் மதிப்பெண் குறைத்தேன். ஆனால் அந்தப் பெண்ணிடம் மட்டும், 'அம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே' என்றேன். அவள் அழுதுவிட்டாள். கொஞ்சம் மெதுவாகச் சொல்லியிருக்கலாம் என்று இப்போதும் தோன்றும்.

கீழக்கரை, ஒரு தாய்: என் லாத்தா (அக்கா) மகள் வரிகளை அப்படியே எடுப்பதில்லை, சொல்லை மாற்றித்தான் எழுதுகிறாள். அதுவும் தப்பா?

'பெரிய' என்பதை 'மிகப்பெரிய' ஆக்குவதும் 'உள்ளது' என்பதை 'இருக்கிறது' ஆக்குவதும் சட்டையைத் திருப்பிப் போடுகிற வேலை. சட்டை அதேதான். ஒரு பத்தியைப் படிக்கச் சொல்லுங்கள். புத்தகத்தை மூடச் சொல்லுங்கள். படித்ததை உங்களிடம் வாயால் சொல்லட்டும், அப்புறம் எழுதட்டும். சொல்ல வரவில்லை என்றால் இன்னும் புரியவில்லை என்று அர்த்தம், மறுபடி படிக்க வேண்டியதுதான். தன் நடையில் எழுதினாலும் கருத்து இன்னாருடையது என்று குறிப்பிட வேண்டும். எதிலிருந்து எடுத்தோம் என்பதை எடுத்த அன்றைக்கே நோட்டின் ஓரத்தில் எழுதிவிட வேண்டும். பாதிப் பிள்ளைகள் வேண்டுமென்று திருடுவதில்லை. பத்து நாள் கழித்து நோட்டைப் பார்க்கும்போது எது தன் வரி, எது புத்தக வரி என்றே அவர்களுக்குத் தெரிவதில்லை.

ராமேஸ்வரம், ஒரு தந்தை: பேருந்து நிலையம் பக்கத்து ஜெராக்ஸ் கடையில் புராஜெக்ட் ரெடியாகவே விற்கிறார்கள். எல்லாரும் வாங்குகிறார்கள். என் பையன் மட்டும் எதற்குக் கஷ்டப்பட வேண்டும்?

அப்படியானால் மதிப்பெண்ணைக் கடைக்காரருக்குப் போட்டுவிடலாம்.

மண்டபம், பதினோராம் வகுப்பு மாணவி: பாம்பன் பாலம் பற்றிக் கட்டுரை எழுதுகிறேன். ஒவ்வொரு வரிக்கும் எங்கிருந்து எடுத்தேன் என்று சொல்ல வேண்டுமா?

வேண்டாம். பழைய ரயில் பாலம் 1914-இல் திறந்தது, சாலைப் பாலம் 1988-இல் வந்தது என்பதெல்லாம் ஊரறிந்த செய்தி. 1964 டிசம்பர் புயல் தனுஷ்கோடியை அழித்தது என்பதற்கும் ஆதாரம் தேவையில்லை. ஆனால் அதில் இறந்தவர்கள் இத்தனை பேர் என்று எழுதினால் எங்கே படித்தாய் என்று கட்டாயம் சொல். இடத்துக்கு இடம் எண் மாறுகிறது. நீ எந்தக் கணக்கை நம்பினாய் என்று படிப்பவருக்குத் தெரிய வேண்டாமா?

இன்னொன்று. பழைய கட்டுரையைப் பார்த்து எழுதுகிறவர்கள் இன்றைக்கும் ரயிலைப் பழைய பாலத்தில்தான் ஓட விடுகிறார்கள். அதில் ரயில் நின்றது 2022 டிசம்பரில். புதுப் பாலம் திறந்தது 2025 ஏப்ரல் 6. வீட்டு ஜன்னலைத் திறந்தால் தெரிகிற பாலத்தைக்கூடப் பார்க்காமல் எழுதுவார்களா! எழுதியிருக்கிறார்கள்.

தொண்டி, தமிழாசிரியர்: ஐயா, இந்தக் கெடுபிடியெல்லாம் வெளிநாட்டு இறக்குமதி. 'முன்னோர் மொழிபொருளே யன்றி அவர்மொழியும் பொன்னேபோற் போற்றுவம்' என்று நன்னூலே சொல்கிறது. நம் மரபில் முன்னோர் சொல்லை எடுத்து ஆள்வது பெருமை.

வாருங்கள் ஐயா, உங்களைத்தான் எதிர்பார்த்தேன். அந்த வெண்பாவை முழுதும் சொல்லுங்கள். புது நூலில் பழஞ்சூத்திரத்தை ஏன் எடுத்து வைக்கிறோம் என்று காரணம் சொல்ல வந்த பாட்டு அது. 'மேற்கோள்' என்ற சொல்லும் அதற்குள்ளேயே இருக்கிறது. பொன்போல் போற்றுவது வேறு, பொன்னை மடியில் செருகிக்கொண்டு போவது வேறு.

மணிமேகலையைப் பாருங்கள். 'தெய்வம் தொழாஅள்' குறளைச் சாத்தனார் எடுத்தாள்கிறார். எடுத்துவிட்டு, 'என்ற அப் பொய்யில் புலவன் பொருளுரை தேறாய்' என்கிறார். அந்த 'என்ற' போதும், சொல் இன்னொருவருடையது என்று தெரிந்துவிடுகிறது. நான் பிள்ளைகளிடம் கேட்பதும் அதைத்தான்.

அதே தமிழாசிரியர்: சாத்தனாரைச் சொன்னீர்கள், சிலம்பை விட்டுவிட்டீர்களே. 'முற்பகல் செய்தான் பிறன்கேடு தன்கேடு பிற்பகல் காண்குறூஉம்' என்று கண்ணகி பேசுவது 319-ஆம் குறள்தானே? அங்கே 'என்ற' எங்கே? பரிமேலழகரும் பல இடத்தில் 'என்றார் பிறரும்' என்பதோடு நிறுத்திக்கொள்கிறார். பிறர் யார்?

சரி, இது நல்ல அடி. சிலம்பில் 'என்ற' இல்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கேட்டவர்கள் யார்? குறள் காதில் விழுந்ததும் குறள் என்று தெரிந்துகொள்கிறவர்கள். அங்கே மறைப்பு என்று ஒன்று இல்லை. பரிமேலழகர் பெயர் சொல்லாவிட்டாலும் 'இது என் வாக்கு அல்ல' என்றாவது சொல்லிவிடுகிறார். நம் பத்தாம் வகுப்புப் பிள்ளை கைடில் உள்ள பத்தியை எழுதி, மேலே தன் பெயரைப் போட்டுத் தருகிறான். அவனே யோசித்து எழுதினான் என்று நான் நம்ப வேண்டும், நம்பினால்தான் அவனுக்கு மதிப்பெண். இளங்கோ யாரிடமும் மதிப்பெண் வாங்கவில்லை.

அதே தமிழாசிரியர்: அப்படியானால் குற்றம் எடுப்பதில் இல்லை, மறைப்பதில்தான். இதை முதலிலேயே சொல்லியிருக்கலாம்.

சொல்லியிருக்கலாம்தான். நீங்கள் கிளறியதால் வந்தது. உங்கள் பள்ளியில் மணிமேகலை வரியைக் கரும்பலகையில் எழுதிப் போடுங்கள். நான் சொன்னால் கெடுபிடி, சாத்தனார் சொன்னால் மரபு!

தேவிபட்டினம், மாணவர்: சொல்லை மாற்றி எழுதினால் காப்பி ஆகாதுதானே சார்?

கீழக்கரைக்குச் சொன்னதேதான் உனக்கும்.

ஏர்வாடி, பன்னிரண்டாம் வகுப்பு: சாட்ஜிபிடியில் கேட்டு எழுதலாமா? அது யாருடைய எழுத்தும் இல்லையே.

உன் எழுத்தும் இல்லை. புரியாத ஒன்றை விளக்கச் சொல்லிக் கேள், டியூஷன் வாத்தியாரிடம் கேட்பது போல. அது தரும் பத்தியை அப்படியே ஒட்டாதே. ஆதாரம் கேட்டால் இல்லாத புத்தகத்துக்கும் பெயர் வைத்துத் தரும், கூச்சமே கிடையாது. தேடிப் பார்த்து, கையில் கிடைத்ததை மட்டும் குறிப்பிடு. அது உதவியது என்பதை அறிக்கையில் ஒரு வரி எழுதிவிடு. எதை எங்கே கேட்டாய் என்பதையும் அன்றைக்கே குறித்து வை, இதை எத்தனை தடவை சொன்னாலும் தகும்.

பரமக்குடி, முதுகலை மாணவி: கல்லூரியில் பத்து சதவீதம் வரை காப்பி அடிக்கலாம் என்கிறார்கள். உண்மையா?

அனுமதி என்று யார் சொன்னது? பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 விதிகள் ஆய்வேடுகளில் காணும் ஒற்றுமையை அளக்கின்றன. 10 சதவீதம் வரை தண்டனை இல்லை, அவ்வளவுதான். 10-க்கு மேல் 40 வரை என்றால் ஆறு மாதத்துக்குள் திருத்தித் தர வேண்டும். 60 வரை போனால் ஒரு வருடத்துக்குத் திருத்திய பிரதியைக்கூடக் கொடுக்க முடியாது. 60-ஐத் தாண்டினால் பதிவே ரத்து. முறையாக மேற்கோள் காட்டிய பகுதி இந்தக் கணக்கில் வராது. பள்ளிக்கு இந்த விதி இல்லை. ஆனால் பள்ளியில் பழகிய கைதானே கல்லூரிக்கும் போகிறது?

பாம்பன், மாணவி: ஆவுளியா (கடல்பசு) படம் நெட்டில் எடுத்து ஒட்டலாமா?

எடுத்தவர் பெயரும் எடுத்த இடமும் கீழே இருக்கட்டும். வரையத் தெரிந்தால் வரை, எனக்கு அதுதான் பிடிக்கும்.

ராமநாதபுரம், ஒரு தந்தை: நீட் பயிற்சிக்கு எந்த சென்டர் நல்லது?

என் துறை இல்லை ஐயா. பள்ளியில் விலங்கியல் ஆசிரியரைக் கேளுங்கள்.

உச்சிப்புளி, மாணவர்: சார், சொல்லை மாற்றி எழுதினால்...

மேலே போய்ப் படி தம்பி. படித்துவிட்டு மூடிவிட்டு எழுது, பயிற்சியும் ஆயிற்று.

தங்கச்சிமடம், எட்டாம் வகுப்பு மாணவி: எங்கள் அம்மா பாசி எடுக்கப் போவார்கள். அவர்கள் சொன்னதைப் புராஜெக்டில் எழுதினால் அதற்கும் ஆதாரம் போட வேண்டுமா? புத்தகத்தில் இல்லையே.

போட வேண்டும். புத்தகத்துக்கு எப்படிப் போடுகிறாயோ அப்படியே. அம்மாவின் பெயர், ஊர், எத்தனை வருடமாகக் கடலுக்குப் போகிறார், என்றைக்குச் சொன்னார், இவ்வளவும் எழுது. பெயர் போடலாமா என்று அவரிடம் முதலில் கேட்டுக்கொள். பேச்சில் வந்த பாசிப் பெயரை அப்படியே வை, அகராதிச் சொல்லாக மாற்றிவிடாதே. எந்த மாதத்தில் எந்தப் பாசி கூடுதலாகக் கிடைக்கிறது, முன்பு எவ்வளவு கிடைத்தது, இப்போது எவ்வளவு என்று கேட்டுப் பார். எழுதியதை அவருக்கு வாசித்துக் காட்டு. தப்பு இருந்தால் அவரே திருத்துவார்.

முடித்ததும் எனக்கு ஒரு பிரதி அனுப்பு. கட்டக்கோரை பற்றி எனக்கே ஒரு சந்தேகம் இருக்கிறது, உன் அம்மாவிடம் கேட்க வேண்டும்.