கெர்னல் மாட்யூல் வேண்டாம் என்றார்களா? மியூனிக்குக்குப் புதிதாக வந்த தம்பிக்கு

மியூனிக்கில் வேலைக்குச் சேர்ந்த கையோடு ஒரு பொறுப்பு கொடுத்தார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள்: ஊழியர்களின் லினக்ஸ் மடிக்கணினிகளில் எந்த ப்ராசஸ் (ஓடிக்கொண்டிருக்கும் நிரல்) எவ்வளவு மெமரி தின்கிறது என்று சேகரிக்க வேண்டும். ஊரில் செய்தது போலவே, இயங்குதளத்தின் மையமான கெர்னலுக்குள் ஏறி ஓடும் கெர்னல் மாட்யூல் எழுதிக் காட்டியிருக்கிறீர்கள். ரிவ்யூவில் ஒரே வரியில் ‘கூடாது’ என்று தள்ளிவிட்டார்கள். புதியவன் என்று நம்பவில்லையா, ப்ரோபெட்ஸைட்டில், அதாவது வேலையின் சோதனைக் காலத்தில், இது பாதிக்குமா என்று கேட்கிறீர்கள்.

நம்பிக்கைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, தம்பி. அதே மாட்யூலை நான் எழுதியிருந்தாலும் தள்ளியிருப்பார்கள். ஒரே வரியில் சொன்னது கோபமும் இல்லை. இங்கே சுற்றி வளைத்துப் பேசும் வழக்கம் குறைவு.

கெர்னலின் உள் அமைப்புகள் பதிப்புக்குப் பதிப்பு மாறும். இன்று நீங்கள் படிக்கும் இடத்தில் அடுத்த அப்டேட்டில் வேறு ஏதோ உட்கார்ந்திருக்கும். மாட்யூலில் ஒரு பாயின்டர், அதாவது நினைவக முகவரி, பிசகினால் கணினியே படுத்துவிடும். நம்பகமான கையொப்பம் பார்த்து ஏற்றும் செக்யூர் பூட் போட்ட மடிக்கணினியில் கையொப்பமில்லாத மாட்யூல் பெரும்பாலும் ஏறவே ஏறாது. யூசர் நிரல் கெர்னல் நினைவகத்தை நேரே படிக்க விட்ட ‘டெவ் கேமெம்’ கோப்பையே 2021-இல், 5.13 பதிப்போடு, நீக்கிவிட்டார்கள். கெர்னல் தானாக வெளியே எடுத்து வைப்பதைப் படிப்பதே வழி. அப்படி வெளியே வைத்ததை உடைக்கக் கூடாது என்பதில் லினக்ஸ்காரர்கள் பிடிவாதமானவர்கள்.

உங்கள் வேலைக்கு ‘ப்ராக்’ (/proc) அடைவில் உள்ள கோப்புகள் போதும். வட்டில் இல்லாத கோப்புகள் அவை. திறந்து படிக்கும்போதுதான் கெர்னல் எழுதிக் கொடுக்கிறது. ஒவ்வொரு ப்ராசஸின் ஆர்எஸ்எஸ் எண்ணை, அதாவது அது ரேமில் பிடித்திருக்கும் இடத்தை, கூட்டினால், பல ப்ராசஸ்கள் பகிரும் நினைவகப் பக்கங்கள் ஒவ்வொன்றின் கணக்கிலும் ஏறி, மொத்தம் ரேமையே தாண்டிவிடலாம். ‘எஸ்மேப்ஸ் ரோலப்’ கோப்பில் உள்ள பிஎஸ்எஸ், பகிர்ந்ததைப் பங்கு போட்டுத் தரும், கெர்னல் 4.14-இலிருந்து இருக்கிறது. பிறருடைய ப்ராசஸுக்கு அதைப் படிக்கத் தனி அனுமதி வேண்டும். ஒரு ப்ராசஸின் விவரமெல்லாம் ஒரே வரியில் வரும் ‘ஸ்டாட்’ கோப்பைப் படிப்பதென்றால் இடைவெளியை வைத்து வெட்டாதீர்கள். ப்ராசஸ் பெயர் அடைப்புக்குறிக்குள் வரும், அதற்குள்ளேயே இடைவெளி இருக்கலாம். ஃபயர்ஃபாக்ஸின் ‘வெப் கன்டென்ட்’ ஒன்றே போதும், எல்லாப் புலங்களும் ஒன்று தள்ளிப் போய்விடும். கடைசி மூடு அடைப்பைத் தேடி, அதற்குப் பிறகு எண்ணுங்கள். நொடிப்பொழுதில் பிறந்து சாகும் ப்ராசஸையும் பிடிக்கத்தான் வேண்டும் என்றால், கெர்னலுக்குள் சிறு நிரலை ஓட்ட விடும் ஈபிபிஎஃப் இருக்கிறது. அந்த நிரலை கெர்னலின் வெரிஃபையர் என்ற பகுதி சோதித்த பிறகே ஓடும்.

சரி, ஊரில் யாரும் உங்களுக்குச் சொல்லியிருக்க மாட்டாத விஷயத்துக்கு வருகிறேன். ஈபிபிஎஃப் வைத்து ஒவ்வொரு நிரலும் தொடங்கும் நேரத்தைப் பதிந்தால், ஓர் ஊழியர் காலையில் எப்போது வேலையைத் தொடங்கினார், நடுவில் என்ன திறந்தார் என்பதெல்லாம் அதிலேயே வந்துவிடும். ஊழியரின் நடத்தையையோ செயல்திறனையோ கண்காணிக்கக்கூடிய கருவி எதுவானாலும், அதைக் கொண்டுவருவதில் பெட்ரீப்ஸ்ராட் என்ற ஊழியர் மன்றத்துக்கு இணைமுடிவு உரிமை உண்டு. பெட்ரீப்ஸ்ஃபெர்ஃபாசுங்ஸ்கெசெட்ஸ் என்ற ஊழியர் மன்றச் சட்டத்தின் 87-வது பிரிவு. ‘கண்காணிக்கும் எண்ணமே எங்களுக்கு இல்லை’ என்றால் எடுபடாது, அதற்குப் பயன்படும் என்றாலே போதும். உங்கள் நிறுவனத்தில் மன்றம் இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். இல்லாவிட்டாலும் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது.

ஆகவே குறைவாகப் படியுங்கள். ப்ராசஸ் பெயரும் பிஎஸ்எஸ்ஸும் போதுமென்றால் நிரலைத் தொடங்கிய முழுக் கட்டளை வரும் ‘கமாண்ட்லைன்’ பக்கமே போகாதீர்கள். அதில் கோப்புப் பெயர் வரும், சில சமயம் கடவுச்சொல்லே வரும். பயனர் பெயர் வேண்டாம். எந்தப் புலம், எதற்கு, எத்தனை நாள் வைத்திருப்போம் என்று ஒரு பக்கம் எழுதி மேலாளரிடம் கொடுங்கள்.

ப்ரோபெட்ஸைட் ஆறு மாதம் வரை போகலாம், அதில் இரு தரப்புக்கும் இரண்டு வார நோட்டீஸ்தான் என்பது உண்மை. ஆனால் ஒரு ரிவ்யூ தள்ளுபடியானதற்காக இங்கே யாரும் ஆளை வேலையை விட்டு அனுப்புவதில்லை. அப்புறம், அந்த ஒரு பக்கத்தை ஜெர்மனில் கேட்பார்கள். குழுவில் ஒருவரிடம் படிக்கக் கொடுத்துவிட்டு ஜூலைக்குள் அனுப்பிவிடுங்கள். ஆகஸ்டில் பாதிப் பேர் விடுமுறையில் இருப்பார்கள்.