வாஷர் உப்பியதற்கு ஆசிட் காரணமா?

கேள்வி: திருமங்கலம் பக்கம் ஒரு ஏக்கரில் மல்லிகை, சொட்டுநீர் போட்டிருக்கிறேன். போர் தண்ணீர் உப்பு என்பதால், குழாயில் படியும் உப்பைக் கரைக்க அவ்வப்போது ஹைட்ரோகுளோரிக் ஆசிட் விடுவேன். போன மாதம் கரையானுக்கு 20 ஈ.சி. (தண்ணீரில் கலந்தால் பால்போல் ஆகும் திரவ மருந்து) ஒன்றையும் வெஞ்சுரி (உரத்தையும் மருந்தையும் உறிஞ்சிக் குழாயில் கலக்கும் கருவி) வழியாகவே விட்டேன். இப்போது வெஞ்சுரியின் யூனியன் இணைப்பிலும் ஃபில்டர் மூடியிலும் வாஷர் உப்பிப் பிதுங்கி ஒழுகுகிறது. ஆசிட்டை நிறுத்திவிடட்டுமா?

பதில்: நிறுத்த வேண்டாம் ஐயா. கழற்றிய வாஷரை விரலால் அழுத்திப் பாருங்கள். ஆசிட் கெடுத்த ரப்பர் பெரும்பாலும் விறைத்து, வளைத்தால் வெடிப்பு விடும். உங்களுடையது பெருத்து, கொழகொழவென்று இருக்கிறது. அது கரைப்பான் செய்த வேலை. ஈ.சி. மருந்தில் விஷம் கொஞ்சம்தான். மீதியில் பெரும்பகுதி சைலீன் மாதிரியான எண்ணெய்க் கரைப்பான். மருந்து அடர்த்தியாக நுழைவது வெஞ்சுரியில். அதனால்தான் அங்கேயும் அடுத்திருக்கும் ஃபில்டரிலும் முதலில் அடி விழுந்திருக்கிறது.

பிவிசி குழாய் நீர்த்த ஆசிட்டுக்கும் உரக் கரைசலுக்கும் அசையாது. கரைப்பானுக்குத்தான் இளகும். குழாய் ஒட்டும் சொல்யூஷன் பிடிப்பதே பிவிசியை இளக்கித்தானே!

புது வாஷர் வாங்கும்போது ஈ.பி.டி.எம். ரப்பர் என்று கேட்டு வாங்குங்கள். எல்லாம் கறுப்பாகத்தான் இருக்கும், நிறத்தை வைத்துக் கண்டுபிடிக்க முடியாது. ஆசிட், உரம், லேசான குளோரின் எல்லாம் அது தாங்கும், எண்ணெய்தான் ஆகாது. கடையில் நைட்ரைல் என்ற ரப்பரைத் தருவார்கள். அது டீசலைத் தாங்கும், சைலீனில் அதுவும் உப்பும், ஆசிட்டிலும் சுமார்தான். வைட்டான் என்ற ரப்பர் ஆசிட், கரைப்பான் இரண்டையும் தாங்கும், ஆனால் விலைக்கு நம் தோட்டத்துக்குத் தேவையில்லை. ஈ.சி. மருந்தை இனி தெளிப்பானிலோ வாளியில் கலக்கியோ வேரடியில் ஊற்றுங்கள், அது போதும்.

ஆசிட் விடும்போது கடைசி சொட்டுவானில் வரும் தண்ணீரின் பி.எச். (அமிலத்தன்மையைக் காட்டும் எண்) 4 அளவுக்கு வந்ததும் மோட்டாரை நிறுத்தி, ராத்திரி ஊறவிட்டு, காலையில் குழாய் முனையிலுள்ள எண்ட் கேப்பைத் திறந்து அலசிவிடுங்கள். தண்ணீரில்தான் ஆசிட்டை ஊற்ற வேண்டும், ஆசிட்டில் தண்ணீரை அல்ல. பிளீச்சிங் பவுடர் கரைத்த வாளியில் மறந்தும் ஊற்றாதீர்கள், குளோரின் வாயு கிளம்பி மூச்சை அடைக்கும்.

அப்புறம், அதே போரில் வீட்டுக்கும் தண்ணீர் எடுத்தால், வெஞ்சுரிக்கு முன்னால் நான்-ரிட்டன் வால்வு (தண்ணீரைத் திரும்ப விடாத வால்வு) இருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள். கரண்ட் போனால் குழாயில் நிற்கும் மருந்துத் தண்ணீர் போருக்குள் திரும்பிவிடும்.